காலை ஏழுக்குப் போய் இரவு ஏழுக்கு வருகிறவர் வீட்டுப் பூனை எப்போது சாப்பிடும்?

ஜனவரி 5, 2025, காலை 10.20
(கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

ரூம் எடுத்துத் தனிய இருக்கிறன். வேலை ராஜகிரியவில. காலமை ஏழுக்கு வெளிக்கிட்டா திரும்பி வர இரவு ஏழாகும், மழையெண்டா எட்டு. நத்தாருக்கு முதல் நாள் படிக்கட்டுக்குக் கீழ ஒரு பூனைக்குட்டி கிடந்தது, எடுத்து வளர்க்கிறன். மூண்டு மாசம் இருக்கும் எண்டு மிருக வைத்தியர் சொன்னவர். காலமை சோறும் மீனும் பிசைஞ்சு வைச்சிட்டுப் போறன். வந்து பார்த்தா பாதி அப்பிடியே காய்ஞ்சு கிடக்கு, எறும்பும் மொய்ச்சிருக்கு. குட்டி கத்திக்கொண்டு ஓடி வருது. வீட்டில ஆளில்லாத நீ பூனை வளர்க்கிறதே பிழை எண்டு கூட வேலை செய்யிறவர் சொல்லுறார். அப்பிடியோ?

ஜனவரி 5, இரவு 9.40

பிழை இல்லை தம்பி. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் நானும் தனியாகத்தான் இருக்கிறேன். வேலை பியகமவில். கொம்பனி வான் காலை 6.35க்கு மரைன் டிரைவில் நிற்கும். வீட்டுக் கதவைத் திரும்பத் திறக்க இரவு ஏழரை ஆகும். சீனி என்று ஒரு கடுவன் பூனை இருக்கிறான். 2021இல் கையளவு குட்டியாக வந்தவன், இப்போது மூன்றரை வயது.

நான் செய்வது இதுதான். காலையில் பைக்கற்றில் வரும் உலர் தீன் 45 கிராம், சமையல் தராசில் நிறுத்துக் கிண்ணத்தில் போடுவேன். தண்ணீர் இரண்டு கிண்ணம், ஒன்று குசினியில், ஒன்று அறையில். இரவு வந்ததும் உப்பில்லாமல் அவித்த மீன் ஒரு சின்னப் பிடி. நாலு கிலோ நிறையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். உலர் தீனில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரை இருக்கும். பைக்கற்றின் பின்பக்கம் பார்த்துக் கணக்குப் போடலாம். கண்ணளவில் போட்டால் கை தாராளமாகி விடும்.

கிண்ணம் காலியா என்று இரவு வந்ததும் பார்ப்பேன். எப்போதும் காலிதான், ஒரு தீன் மணியும் மிஞ்சாது. சீனிக்குக் கொஞ்ச நாளாக ஒரு பழக்கமும் வந்திருக்கிறது: தீனைத் தூக்கிக் குசினித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு ஊற வைத்துத் தின்கிறான். நான் வரும்போது உப்பிப்போன நாலைந்து மணி தண்ணீரில் மிதக்கும். ஒருவரும் பழக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்தான். அவ்வளவு புத்தி.

ஜனவரி 6, காலை 6.10

வான் வருவதற்குள் அவசரமாக ஒன்று. நேற்று எழுதியது வளர்ந்த பூனையின் கணக்கு. உங்கட குட்டிக்கு மூன்று மாதம் என்று எழுதியிருந்ததை நித்திரைக்குப் போன பிறகுதான் நினைத்தேன். என் முறையை அப்படியே செய்ய வேண்டாம். குட்டியின் வயிறு சின்னது, வளர்ச்சியோ பெரியது. ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று நாலு தரமாவது சாப்பிட வேண்டும். காலை ஒருமுறை வைத்துவிட்டு இரவு வரை விடுவது அதற்கு மிகவும் நீளம்.

ஜனவரி 6, இரவு 10.05

இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று வேளை உண்கிறவர்கள் என்பதால் பூனைக்கும் வேளைக் கணக்குப் போடுகிறோம். அதன் பழக்கம் வேறு. எலி, பல்லி, சின்னக் குருவி என்று பொடிப் பொடியாகப் பிடித்துத் தின்று வந்த இனம். ஒரு சுண்டெலியில் கிட்டத்தட்ட 30 கலோரிதான் இருக்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஆறேழு எலி வேண்டும். அதனால்தான் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கிற வீட்டில் பூனை பத்துப் பன்னிரண்டு தரம் வந்து நாலைந்து மணி கொறித்துவிட்டுப் போகும். விடியலிலும் பொழுது படும்போதும்தான் உசாராக நிற்கும், நடுப்பகலில் நித்திரை. நீங்கள் இல்லாத பன்னிரண்டு மணித்தியாலத்தில் பெரும்பகுதியை அது தூங்கித்தான் கழிக்கும். ஆகவே உங்கட கூட வேலை செய்கிறவரின் பேச்சைக் கேட்டு மனம் உடைய வேண்டாம்.

குட்டிக்கு இப்படிச் செய்து பாருங்கள். காலை 6.30க்கு எழுந்ததும் மீனோ ரின்னில் வரும் பூனைச் சாப்பாடோ, உங்கட கண் முன்னால் தின்று முடிக்கிற அளவு மட்டும். போகும்போது குட்டிகளுக்கான உலர் தீன் ஒரு கிண்ணம். அது பகல் முழுக்கக் கிடக்கலாம், கெடாது. இரவு ஏழுக்கு ஒன்று, படுக்கப் போகும்போது இன்னொன்று. மத்தியானம் ஒரு தரம் வந்து பார்க்க வீட்டுக்கார அன்ரியைக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

சோறும் மீனும் பிசைந்து பகலெல்லாம் வைப்பதைத்தான் விட வேண்டும். கொழும்பில் மார்கழி, தையிலும் பகலில் 30 பாகை தொடும். ஈரமான மீன் சோறு பூட்டின அறைக்குள் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு தாங்கும். குட்டி பாதியை மிச்சம் விட்டது பசியில்லாமல் இல்லை. அதன் மூக்கு எங்கட மூக்கை விடக் கெட்டி, பழுதானதைத் தொடவில்லை.

ஜனவரி 9

எறும்புக்கு: அகலமான கோப்பை ஒன்றில் தண்ணீர் விட்டு, அதன் நடுவில் தீன் கிண்ணத்தை வையுங்கள். ஊரில் அம்மம்மா சாப்பாட்டு அலுமாரியின் நாலு கால்களுக்கும் தண்ணீர்ச் சிரட்டை வைப்பா, அதே வழிதான். மருந்துச் சோக்கால் கோடு கீற வேண்டாம். பூனை அதை மிதித்துவிட்டுக் காலை நக்கும்.

ஜனவரி 18

பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நிற்கிறா, 24ஆம் திகதி வரை. நேற்று வெள்ளிக்கிழமை. எங்கட வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைப்பதில்லை, மச்சச் சட்டியை எடுப்பதுமில்லை. நான் தனியாக இருக்கும்போது வியாழன் இரவே அவித்துப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். இந்தமுறை மறந்து போனேன். அம்மா தயிர்ச் சோறு வைத்தா. சீனி தயிரை நக்கிவிட்டுச் சோற்றை விட்டான். "அவனுக்கும் ஒரு நாள் விரதம் நல்லதுதான்" என்றா அம்மா.

மனிதருக்கு நல்லது, பூனைக்கு அல்ல. அம்மாவுடன் வாதாடவில்லை, ஆனால் இங்கே விளக்கமாக எழுத வேண்டும், ஏனென்றால் சைவ வீடுகளில் பூனை வளர்ப்போர் கனபேர் இருக்கிறோம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னி. டோரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதியளவு செய்துகொள்ள அதற்கு ஏலாது, இறைச்சியிலும் மீனிலுமிருந்துதான் எடுக்க வேண்டும். அது குறைந்தால் கண் திரை கெடும் என்று 1975இல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசையும் தளர்ந்து வீங்கும் என்று 1987இல் கண்டார்கள். கடையில் விற்கும் பூனைத் தீனில் டோரினைச் சேர்க்கிறார்கள். நாய்த் தீனில் பூனைக்குத் தேவையான அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டும் ஒரே மாதிரித்தானே என்று மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

டோரின் தண்ணீரில் கரையும். மீனை அவித்தால் அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஆற வைத்து மீனோடு சேர்த்துக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வழி சுலபம். உலர் தீன் பைக்கற்றைத் திறக்கச் சட்டி தேவையில்லை. இதை அம்மாவும் ஒத்துக்கொண்டா.

(அம்மா நிற்கும் இந்த நாட்களில் சீனி தீனை ஊற வைப்பதில்லை. ஆள் இருந்தால் கூச்சம் போல.)

ஜனவரி 19

"எங்கட பாட்டி வீட்டுப் பூனை சோறும் பாலும் குடிச்சுப் பதினைஞ்சு வருஷம் இருந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கட அம்மம்மா வீட்டிலும் இருந்தது. ஆனால் அது நெல்லு மூட்டைக்குள் எலி பிடித்தது, வேலியில் ஓணான் பிடித்தது, கிணற்றடியில் மீன் வெட்டும்போது குடலையும் செதிலையும் தின்றது. சோறும் பாலும் நாங்கள் கண்ட பகுதி, மிச்சத்தை அது தானே பார்த்துக்கொண்டது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அதற்குக் கிடைப்பது ஒரு பல்லி, இரண்டு கரப்பொத்தான். நாங்கள் வைப்பது மட்டும்தான் அதன் முழுச் சாப்பாடு. பூட்டி வளர்க்கிறோம் என்றால் கணக்கும் எங்கள் தலையில்தான்.

பால்: குட்டிப் பருவம் தாண்டினால் பெரும்பாலான பூனைகளுக்குச் செரிக்காது, வயிறு இளகும். நீங்கள் வேலைக்குப் போன பிறகு வயிற்றோட்டம் வந்தால் பகல் முழுக்க அது தண்ணீர் இழந்துகொண்டிருக்கும், பார்க்க ஆளில்லை.

ஜனவரி 21

என்ன மீன், எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருந்தவருக்கு.

வெள்ளவத்தைச் சந்தையில் சனிக்கிழமை காலை வாங்குகிறேன். சாளையோ சூடையோ மலிவாகக் கிடைக்கும், அல்லது சூரைத் துண்டு. கழுவி அவித்து, முள்ளைக் களைந்து, ஒரு நேரத்துக்கு ஒன்றாகச் சின்னப் பொதிகளாகக் கட்டி உறைய வைக்கிறேன். ஞாயிறு இரவு முதல் வியாழன் வரை ஓடும்.

பச்சை மீன் வேண்டாம். பல மீன்களில் தயாமின் என்ற விற்றமின் பீ1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. அவித்தால் அது செத்துப்போகும். பச்சையாகவே நாட்கணக்கில் தின்றால் பூனை தள்ளாடும், கழுத்து முன்பக்கம் மடிந்து தொங்கும். சூரை மட்டுமே தினமும் கொடுப்பதும் கூடாது; எண்ணெய் மீனையே தின்று விற்றமின் ஈ குறைந்தால் தோலுக்குக் கீழ்க் கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலியில் கத்தும். கோழி, மீன், தீன் என்று மாறி மாறி இருக்கட்டும்.

குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கிறோம் என்கிறீர்கள். எங்கட குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இல்லாத குழம்பு எது? இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவினாலும் சாறு உள்ளே போயிருக்கும். மாசிச் சம்பலும் அப்படித்தான். மாசி மணத்துக்குப் பூனை மேசையில் ஏறும், கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, சாப்பாடு இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை. காய்ச்சல் போல் இருக்கிறது என்று பரசிட்டமோல் பாதிக் குளிசை கொடுத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து ஒருபோதும் வேண்டாம். ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

ஜனவரி 22

பெயர் ஏன் சீனி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நிறம் பழுப்புச் சீனி நிறம். ஆனால் பூனைக்கு இனிப்புத் தெரியாது. இனிப்பை உணரும் மரபணுவில் ஒன்று பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005இல் கண்டார்கள். தன் பெயரின் சுவை தனக்குத் தெரியாத பிள்ளை. கேக்கை நக்குவது கொழுப்புக்காக.

பிப்ரவரி 9, இரவு 10.45

தானாகத் தீன் போடும் பெட்டி வாங்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். போன மாதக் கடைசியில் வாங்கினேன். பகல் 12க்கும் பின்னேரம் 5க்கும் 15 கிராம் வீதம் கொட்டும்படி வைத்தேன். பத்து நாள் நன்றாக வேலை செய்தது. குசினியில் மின் செருகிக்குப் பக்கத்தில் நின்றது, கிலுகிலு என்று சத்தம் போட்டுக் கொட்டும்.

இன்று நீர்கொழும்பில் ஒரு கலியாணம், காலை எட்டுக்குப் போனேன். பெட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் காலையில் குறைத்துத்தான் வைத்தேன். பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும்: பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாம், நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. கலியாண மண்டபத்தில் எல்லோரும் குரங்குக் கதை சொல்லிச் சிரிக்க, எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவு. வந்து பார்த்தால் இரண்டு நேரமும் கொட்டவில்லை. கரண்ட் வந்த பிறகு அதன் மணிக்கூடு பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. சீனி கதவடியில் நின்றான்.

பெட்டி வாங்குவதென்றால் பற்றரியும் போடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. அதை அனுபவித்த நானே மறந்துபோய்ச் செருகி மட்டும் உள்ளதை வாங்கினேன்.

பிப்ரவரி 11

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் நின்றதால் இன்றும் ஒன்றரை மணித்தியாலக் கரண்ட் வெட்டு. வெட்டு நிற்கும்வரை பெட்டியை நம்பாமல் காலையிலேயே முழு அளவையும் போட்டுவிட்டுப் போகிறேன்.

2022ஐ எழுதியதும் நினைவு வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய மாதங்களில் நான் வாங்கும் தீன் கடைத் தட்டிலேயே இல்லை. கோழி ஈரல் மலிவு என்று கிழமைக்கு ஐந்து நாள் ஈரலே கொடுத்தேன். பிறகுதான் மிருக வைத்தியர் சொன்னார், ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், தொடர்ந்து கொடுத்தால் எலும்பு மூட்டு இறுகிவிடும் என்று. கிழமைக்கு ஒரு தரம், ஒரு சின்னத் துண்டு போதும். அந்த நாட்களில் குட்டி பெற்ற பூனையைத் தெருவில் விட்டவர்களையும் கண்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் பிள்ளைக்குப் பால் மா இல்லாத காலம்.

பிப்ரவரி 15

மனம் சரியில்லை. சீனியைத் தூக்கும்போது இலேசாக இருந்தது. முதுகைத் தடவினால் முள்ளந்தண்டு கையில் படுகிறது. இன்று சனிக்கிழமை, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். போன ஆடியில் ஊசி போட்டபோது 4.3 கிலோ, இன்று 3.5. வாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், இரத்தம் எடுத்தார், பூச்சி மருந்து தந்தார்.

"சாப்பிடுறானோ?"

"ஓம் டொக்டர், கிண்ணம் ஒவ்வொரு நாளும் வெறுமையாத்தான் இருக்கு."

"நீங்க பாக்க சாப்பிடுறானோ?"

இரவு மீன் வைத்தால் பாய்ந்து விழுந்து சாப்பிடுகிறான், அதைச் சொன்னேன். பகல் சாப்பிடுவதை நான் எங்கே பார்த்தேன்.

பிப்ரவரி 18

இரத்தத்தில் ஒன்றுமில்லை. சிறுநீரகம், ஈரல், இரத்தச் சீனி எல்லாம் சரி. தீனை 10 கிராம் கூட்டியிருக்கிறேன். அதுவும் காலியாகிறது.

பிப்ரவரி 20, பின்னேரம் 4.00

கண்டுபிடித்துவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்றிரவிலிருந்து எனக்குக் காய்ச்சல். இன்று வேலைக்குப் போகவில்லை. காலையில் வழக்கம்போல் சீனிக்குத் தீன் வைத்துவிட்டு அறையில் படுத்தேன். சீனி என் கால்மாட்டில். மின்விசிறி மட்டும் ஓடியது, வீட்டில் வேறு அசுமாத்தம் இல்லை. ஒன்பது மணியிருக்கும், குசினியில் டக், டக் என்று சத்தம். சீனி காதை நிமிர்த்தினான். எழும்பிப் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே இறங்கினான்.

நான் சத்தமில்லாமல் போய் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே, புகை போகத் திறந்து விடும் சின்ன ஜன்னலின் கம்பிக்குள்ளால் ஒரு காகம் இறங்கியிருக்கிறது. கிண்ணத்திலிருந்து வாய் நிறையத் தீனை அள்ளித் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்ப் போட்டது. தலையைச் சரித்துப் பார்த்தது. ஊறியதை ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கியது. இன்னொன்று கம்பியில் காவல் இருந்தது.

நான் சீனியின் புத்தி என்று எழுதினேனே, அது இதுதான்.

காய்ச்சலோடு வாசற்படியிலேயே இருந்து பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெட்டி கிலுகிலு என்றது. சீனியும் ஓடி வந்தான். அவன் வாய் வைப்பதற்குள் இரண்டு காகமும் இறங்கிவிட்டன. ஒன்று முன்னால் நின்று கரைந்தது, மற்றது பின்னால் போய் வாலைப் பிடித்து இழுத்தது. அவன் திரும்பி உறுமினான், அதற்குள் முன்னால் நின்றது அள்ளிக்கொண்டது. இரண்டாம் தரம் வாலை இழுத்ததும் அறைக்கு ஓடிவிட்டான். இது இன்று முதல்நாள் இல்லை என்பது அவன் ஓடிய விதத்தில் தெரிந்தது. நான் வாங்கிய பெட்டி காகங்களுக்கு மணி அடித்துச் சாப்பாடு போட்டிருக்கிறது.

துவாயை வீசித் துரத்தினேன். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிண்ணத்தை அறைக்குள் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். தலை நிமிராமல் தின்றான். நான் அழுதேன்.

பிப்ரவரி 21

ஜனவரி 5ஆம் திகதி நான் எழுதியதில் ஒரு பகுதியை வாபஸ் வாங்குகிறேன். கிண்ணம் காலியாக இருந்தால் பூனை சாப்பிட்டது என்று எடுத்தேன், அது பிழை. கிண்ணம் காலியாக இருந்தால் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

நாளெல்லாம் வெளியே நிற்கிற எங்களுக்கு இரண்டு விஷயம்தான் கையில் இருக்கிறது. ஒன்று நிறை. கிழமைக்கு ஒரு தரம் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக் குறித்து வையுங்கள். நான் அதைச் செய்திருந்தால் கார்த்திகையிலேயே பிடித்திருப்பேன். இரண்டாவது மண் தட்டு. எத்தனை தரம் போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று இரவு அள்ளும்போது கவனியுங்கள். சீனி குறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தான். வேலைக் களைப்பில், அள்ளும் வேலை குறைவு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அம்மா நின்ற பத்து நாளும் தண்ணீரில் ஒன்றும் மிதக்கவில்லை என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன். கூச்சம் என்று காரணமும் சொல்லியிருக்கிறேன். வாசித்தால் நெஞ்சு எரிகிறது.

பிப்ரவரி 23

ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தாயிற்று. கிண்ணம் இனி அறைக்குள். பெட்டியும் அங்கேதான், பற்றரி உள்ளது வாங்கும்வரை சும்மா நிற்கும்.

ஒருவர் கேட்டிருந்தார், காகம் தின்றாலும் இரவு மீன் கிடைத்ததே, பட்டினி இல்லையே என்று. இரவு மீன் ஒரு சின்னப் பிடி, அதைக் கொண்டு நாளைத் தள்ள ஏலாது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாமல் இருந்தால், அதுவும் கொழுத்த பூனை என்றால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். நாயைப் போல் பட்டினியைத் தாங்கும் உடம்பு இல்லை. உங்கட பூனை ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

மார்ச் 4

எதிர் வீட்டு ராத்தாவிடம் திறப்பு ஒன்று கொடுத்திருக்கிறேன். ஆறு வருஷமாக எதிரெதிர்க் கதவு, ஆனால் பூனையைப் பாருங்கள் என்று கேட்க எனக்கு ஒரு தயக்கம். காகக் கதையைச் சொன்னதும் அவவே கேட்டா, "எனக்கிட்ட முந்தியே சொல்லியிருக்கலாமே புள்ள, நான் பகலெல்லாம் வீட்டிலதானே." பூனையைக் கட்டிவைத்துச் சாப்பாடும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் கிடைத்தது என்று நபிகள் சொன்னதைத் தன் வாப்பா சின்ன வயதில் சொல்லித் தந்தாராம். நான் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் இன்று. தான் ஒரு துளி தண்ணீரும் குடிக்காமல் பகல் ஒரு மணிக்கு வந்து, அவித்த கோழியைப் பிய்த்துச் சீனிக்கு வைக்கிறா. தின்று முடியும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, போகும்போது எனக்கு ஒரு படம் அனுப்புகிறா. பியகமவில் கன்ரீனில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறேன்.

மார்ச் 17

தண்ணீர் பற்றி விளக்கமாக எழுதாமல் விட்டேன்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்கா, மத்திய கிழக்குப் பக்கத்து வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. இரையின் இரத்தத்திலும் இறைச்சியிலும் இருக்கிற ஈரமே அதற்குப் பாதித் தண்ணீர். அதனால் தாகம் குறைவு. உலர் தீனில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் ஈரம், மீனிலும் ரின் சாப்பாட்டிலும் எழுபது எண்பது பங்கு. பகல் முழுக்க உலர் தீன் மட்டும் என்றால் இரவுச் சாப்பாடு ஈரமாக இருக்கத்தான் வேண்டும். நான் மீன் அவித்த தண்ணீரில் இன்னும் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கொடுக்கிறேன். தண்ணீர்க் கிண்ணம் தீனுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி இருந்தால் கூடக் குடிக்கிறான்.

கடுவன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுக்கம். மணல் போன்ற படிவு அடைத்தால் சிறுநீர் வராது. மண் தட்டில் போய்ப் போய் முக்கும், கத்தும், அந்த இடத்தையே நக்கும், ஒரு சொட்டும் வராது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். காலை ஏழுக்குத் தொடங்கினால் இரவு ஏழுக்குத்தான் நாங்கள் காண்போம், அரை நாள் ஏற்கெனவே போயிருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கிக்கொண்டு இருக்க வேண்டாம், அன்றிரவே ஓட்டோ பிடியுங்கள்.

ஏப்ரல் 10

சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு: கொழும்பே காலியாகிவிடும், கடைகளும் பூட்டு. நாலு நாள் தீனை மலைபோல் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். முதல்நாளே பாதியைத் தின்று சத்தி எடுக்கும், மிச்சம் எறும்புக்கு. ஒரு நாளைக்கு ஒரு தரமாவது ஒரு ஆள் உள்ளே வர வேண்டும். நான் இந்தமுறை யாழ்ப்பாணம் போகவில்லை. ராத்தா தன் மகள் வீட்டுக்குப் புத்தளம் போகிறா, அவவின் பூச்செடிக்கு நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். செடிகளுக்குள் லில்லி ஒன்று இருந்தது. சீனி அதைக் கடித்தால் சிறுநீரகம் போய்விடும் என்று சொன்னேன். உடனே தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டா.

கொட்டாஞ்சேனைத் தம்பி, கன நாளாக உங்கட சத்தமே இல்லை. குட்டி எப்படி?

ஏப்ரல் 12

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். ஆறு மாதக் குட்டி, வயிறு உருண்டு, வீட்டுக்கார அன்ரியின் தையல் மெசினுக்கு மேலே படுத்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை அன்ரி பொறுப்பெடுத்து இப்போது காலைச் சாப்பாட்டையும் எடுத்துவிட்டாவாம், தனக்குப் பின்னேரம் மட்டும்தான் மிச்சம் என்கிறார். அது சரியாகத்தான் இருக்கிறது தம்பி, விட்டுவிடுங்கள்.

மே 4

சீனி இன்று 4.1.

அம்மா திரும்பவும் வந்து நிற்கிறா. குசினி ஜன்னலின் வலைக்கு வெளியே பகல் பன்னிரண்டுக்கு அந்த இரண்டு காகமும் இன்னும் வந்து இருக்கின்றன. எனக்கு அவற்றைக் கண்டாலே கோபம் வரும். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் முதற் சோற்றை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினா. கரைந்துகொண்டு இரண்டும் பின்னாலேயே பறந்தன. சீனி அறைக்குள் தன் கிண்ணத்தடியில் இருந்தான், தலை நிமிரவில்லை.